சின்னக் கதவு வழியே வந்த பாத்திரம்

வெலிகா காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து எலோவிட்ஸா மலையூரில் யாரும் பார்த்ததில்லை. சூப் வந்த கிண்ணத்தில் முட்டை போகும். முட்டை வந்த கூடையில் பிளம் வற்றல் போகும். ஒன்றும் இல்லாத நாளில் நாலு அக்ரூட்டையாவது உள்ளே உருட்டிவிடுவாள். அதுவும் இல்லையென்றால் ஒரு சிட்டிகை உப்பைக் காகிதத்தில் மடித்து வைப்பாள். அவள் புருஷன் திமோ உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லியே சிரிப்பான்: "இவகிட்ட ஒரு சவப்பெட்டியக் குடுங்க. அதுலயும் எதையாவது போட்டுத்தான் திருப்பிக் குடுப்பா."

திமோ மரம் வெட்டப் போன இடத்தில் மரம் மேலே சாய்ந்து செத்துப்போனான். அவனைக் கிடத்திய பெட்டிக்குள் வெலிகா ஆப்பிள் ஒன்றை வைத்தாள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

பாத்திரங்கள் அதிகமும் போய் வந்தது பக்கத்து வீட்டு ரூசாவிடம்தான். இரண்டு வீட்டு முற்றங்களுக்கும் நடுவே ஆள் உயரக் கற்சுவர். அதில் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. எலோவிட்ஸாவில் எல்லாச் சுவரிலும் இப்படி ஒன்று உண்டு. தெருவில் கால் வைக்காமலே ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம் என்பார்கள். தெரு வாசல் விருந்தாளிக்கு, வரி கேட்க வருகிறவனுக்கு, சவத்துக்கு. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சின்னக் கதவு. கதவு வழியாக வந்த பொருள் கதவு வழியாகத்தான் திரும்பும்.

கதவின் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் இருக்கும். சண்டை வந்தால் தன் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வார்கள். முதலில் போட்டவர்தான் முதலில் திறக்க வேண்டும், மற்றவர் போய்த் தட்டக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் ஊர் ரொம்பக் கண்டிப்பு. தாழ்ப்பாள் போட்டவளும் போடாதவளும் வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் செத்துப்போன கதைகள் உண்டு. வெலிகா வீட்டுக்கும் ரூசா வீட்டுக்கும் நடுவே இருந்த கதவில் இரண்டு தாழ்ப்பாளும் துருப்பிடித்துக் கிடந்தன.

அவர்களுக்குள் உறைமோர்கூட ஒன்றுதான். இவள் தயிர் புளித்துக் கெட்டால் அங்கே போய் ஒரு கரண்டி வாங்கி வருவாள். அவளுடையது உறையாவிட்டால் இங்கே வருவாள். முதலில் அது யார் வீட்டு உறை என்று இருவருக்குமே தெரியாது.

மலைக்கு ரோப் கார் வந்த வருஷம் நிலத்தின் விலை ஏறியது. ஆடு மேய்ந்த சரிவில் ஆங்கிலேயர்கள் பனியில் சறுக்கினார்கள். கம்பளி ஆலை மூடியதிலிருந்து வேலை இல்லாமல் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சறுக்குப் பலகை வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். நல்லதுதானே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வெலிகாவும் சொன்னாள். அவள் மகன் ஸ்பாஸ் ஸ்பெயினில் ஆரஞ்சுப் பழங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஊரில் வேலை இருந்தால் வந்துவிடுவேன் என்று ஒவ்வொரு ஈஸ்டருக்கும் போனில் சொல்லுவான்.

க்ரூம் வந்தது அப்போதுதான். க்ரூம் வெளியாள் இல்லை. மேலத்தெரு தச்சரின் மகன், ஸ்பாஸோடு படித்தவன், தலைநகர் சோபியாவில் பணக்காரர்களைப் பிடித்துவந்து ஊரில் கட்டடம் கட்டுகிறவன்.

"அக்கா, காசு வேண்டாம். காசு கரைஞ்சிடும். வீட்டையும் முற்றத்தையும் குடு, கட்டடத்துல ரெண்டு ஃபிளாட் உனக்கு. ஒண்ணுல நீ இரு. ஒண்ணை ஸ்பாஸ் வாடகைக்கு விடட்டும். ஸ்டிக்கர் ஒட்டினது போதும்னு சொல்லு அவனை."

வெலிகா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் சின்னக் கதவில் குனிந்து ரூசாவின் முற்றத்துக்குப் போனாள். ரூசா அவரைக்கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். வெலிகாவைவிட ஆறேழு வயது மூத்தவள், பிள்ளையில்லாதவள், வாய் நீளம்.

"க்ரூம் என்கிட்டயும் வந்தான்" என்றாள் ரூசா. "ரெண்டு ஃபிளாட்டுன்னான். எனக்கு எதுக்குடா ரெண்டு, ஒண்ணுல நான், ஒண்ணுல என் ஆடான்னு கேட்டேன். ஓடிட்டான்."

"எனக்கு மகன் இருக்கானே அக்கா."

ரூசா குச்சியை மண்ணில் அழுத்தினாள். "மண்ணு உன்னுது, மகன் உன்னவன். நான் யாருடீ சொல்ல? ஒண்ணே ஒண்ணு. கதவை மட்டும் மூடிடாதே."

"மூடுவேனா அக்கா?"

வீட்டை இடிக்கும் முந்தின நாள் சாயங்காலம் ரூசா ஒரு நீல எனாமல் பாத்திரம் நிறையத் தயிர் கொண்டுவந்தாள். விளிம்பில் இரண்டு இடத்தில் பூச்சு உதிர்ந்த, மூடி போட்ட பாத்திரம். "புது வீட்டுல இதுலேர்ந்து உறை குத்து. முதல் தயிரை இதே பாத்திரத்துல எனக்குக் கொண்டா. உறைமோர் மட்டும் அந்நியமாப் போயிடக் கூடாது" என்றாள்.

கட்டடம் எழும்பும்வரை வெலிகா ஊர்க்கோடியில் ஒரு சொந்தக்காரி வீட்டில் இருந்தாள். பசுவை அதற்கு முன்பே விற்றாயிற்று. அடித்தளம் போட்ட வாரத்தில் ஒருநாள் வந்து பார்த்தாள். பழைய கற்சுவரை ஒட்டியே புதிதாக ஒரு கான்கிரீட் சுவர் நின்றது. கதவு எங்கே இருந்தது என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"க்ரூம், கதவுடா!"

"எந்தக் கதவு?"

"சின்னக் கதவு. உங்கிட்ட சொன்னேனே."

க்ரூம் உண்மையிலேயே நினைவுபடுத்திப் பார்த்தான். "அக்கா, கீழே கார் நிறுத்தற இடம் வருது. அங்க ஓட்டை வெச்சா ரூசா அக்காவோட ஆடு நேரா வந்து பென்ஸ் கார் மேல ஏறி நிக்கும். பரவாயில்லையா?" என்று சிரித்தான். பிறகு குரலைத் தணித்து, "தெரு வழியாப் போயிக்க அக்கா. நாலு எட்டுதானே" என்றான்.

நாலு எட்டுதான். ஆனால் அந்த நாலு எட்டை அவளால் வைக்க முடியவில்லை. தெரு வாசலில் போய்த் தட்டி என்ன சொல்வது? கதவை மூடியது க்ரூம் என்றா? ஊர் வழக்கப்படி பார்த்தால் மூடியது அவள் பக்கம். முதலில் தாழ் போட்டவள் அவள்தான். அவள்தான் திறக்க வேண்டும், அவளிடமோ திறக்க ஒன்றும் இல்லை.

புது வீட்டில் தயிராவது உறைந்திருந்தால் அதைச் சாக்கிட்டுப் போயிருப்பாள். உறையவில்லை. பாக்கெட் பாலைக் காய்ச்சி, சூடு பார்த்து, உறை விட்டு, கம்பளி சுற்றி வைத்தாள். முதல் முறை நீர் பிரிந்து நின்றது. இரண்டாம் முறை கோழையாக நூல் விட்டது. சொந்தக்காரி வீட்டில் அவ்வளவு மாதம் காப்பாற்றிக் கொண்டுவந்த உறைமோர், மூன்றாம் முறை நாறிப்போனது. இன்னொரு கரண்டி கேட்க வேண்டுமென்றால் ரூசாவிடம்தான் கேட்க வேண்டும். வெலிகா பாத்திரத்தைக் கழுவித் துடைத்து அலமாரியின் மேல் வைத்தாள்.

அந்தக் கட்டடத்துக்குப் பளபளப்பான பெயர் ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் 'க்ரூமின் பெட்டி' என்பார்கள். மலையைப் பார்த்த ஃபிளாட்டுகள் எல்லாம் விலைக்குப் போயின. நிலம் கொடுத்தவளுக்குக் கிடைத்த இரண்டும் ஐந்தாம் மாடியில், வடக்குப் பார்த்தவை. சன்னலைத் திறந்தால் நேர் கீழே ரூசாவின் முற்றம்.

குளிர்காலத்தில் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்தையும் இப்போது கட்டடத்தின் நிழல் தின்றது. மேலிருந்து வெலிகா பார்ப்பாள். ரூசா ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்து மூலையில் விழும் கீற்று வெயிலில் உட்காருவாள். கீற்று நகரும். முக்காலியை நகர்த்துவாள். கடைசியில் தெரு வாசலோரம் வரை போய், அங்கும் வெயில் ஏறிப்போனதும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள். ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. அவரைக்கொடி மறு வருஷமே காய்க்கவில்லை. அடுக்கிய விறகு ஈரம் வற்றாமல் கறுத்தது.

பனி விழுந்த காலைகளில் ரூசா முற்றத்தில் பாதை வெட்டுவாள். ஒரு பாதை விறகுக் கொட்டகைக்கு. ஒன்று தெரு வாசலுக்கு. மூன்றாவது பாதை சுவருக்கு, கதவு இருந்த இடத்துக்கு. கட்டடத்தின் அடியில் போய் முடிவதால் அதன் முனை மேலிருந்து தெரியாது. எங்கும் போகாத பாதைக்கு எதற்கு இவ்வளவு பாடு? தனக்குக் குத்திக்காட்டத்தான் என்று வெலிகா முடிவு செய்தாள். பார்த்தாயா, என் பக்கம் வழி இருக்கிறது, உன் பக்கம்தான் இல்லை என்கிறாள். அப்படி நினைக்கக் கோபம் வந்தது. கோபம் இருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

ஸ்பாஸ் வந்தான். சறுக்குக் காலணி வாடகைக் கடையில் வெளிநாட்டார் காலடியில் குனிந்து கொக்கி மாட்டினான். முதல் குளிர்காலம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வருஷம் ஜனவரி பாதிவரை பனி இல்லை. மலை முழுக்கப் பழுப்பாகக் கிடக்க, இயந்திரம் தூவிய பனி மட்டும் காயத்துக்குப் போட்ட கட்டுத்துணிபோல ஒரு கோடாக இறங்கியது. கோடையில் ஊரே பூட்டிக் கிடந்தது. "அம்மா, இங்க நாலு மாசம்தான் மனுஷன் வாழலாம். மீதி மாசத்துக்கு எங்க போக?" என்றான். தன் பங்கு ஃபிளாட்டை விற்றுவிட்டு, ஆரஞ்சு பறிக்கும் காலத்துக்கு முன்பே ஸ்பெயினுக்குத் திரும்பிப் போனான்.

வெலிகா அந்தக் கட்டடத்திலேயே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். அவள் உருளைக்கிழங்கு போட்ட இடத்தில்தான் இப்போது துணி துவைக்கும் அறை.

ஒருநாள் ரொட்டிக் கடையில் ரூசாவும் அவளும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். கடை நிறையக் கூட்டம்.

"என்னடீ வெலிகா, அஞ்சாம் மாடியில இருந்து என் புகைபோக்கி நல்லாத் தெரியுமே. உள்ள எட்டிப் பார்த்து இன்னைக்கு என்ன சமையல்னு சொல்லு, நானே மறந்துட்டேன்."

வெலிகாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. "அவரைக்காயா இருக்கும் அக்கா" என்றாள். சொன்ன பிறகுதான் அவரை காய்க்காதது நினைவுக்கு வந்தது.

ரூசா அதைக் கண்டுகொள்ளவில்லை. "என் நீலப் பாத்திரம் இருக்கா, அதையும் இங்கிலீஷ்காரனுக்கு வாடகைக்கு விட்டுட்டியா?"

"இருக்கு அக்கா. கொண்டாந்து தரேன்."

"காலியாவா?"

"காலியா எப்பவாச்சும் தந்திருக்கேனா?"

"அதானே கேட்டேன்" என்றாள் ரூசா. ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் ஒரு நொடி நின்றாள். "நான் எங்கயும் போகல. வீட்டுலதான் இருக்கேன்."

அது அழைப்பா, குத்தலா? வெலிகா அன்று முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே யோசித்தாள். பால்காரன் ஒருவனைப் பிடித்து நல்ல பசும்பால் வாங்க வேண்டும், வருகிற ஈஸ்டருக்குள் ஒரு தயிர் உறைய வைத்து எடுத்துப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தாள். அந்த ஈஸ்டர் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

எலோவிட்ஸாவில் ஒருவர் செத்தால் அவர் படமும் பெயரும் அச்சடித்த சாவுத்தாளை வீட்டு வாசலில், விளக்குக் கம்பத்தில், கண்ட சுவரில் எல்லாம் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. யாரும் கிழிக்க மாட்டார்கள், மழையும் காற்றும்தான் கிழிக்க வேண்டும். வந்திறங்கும் விருந்தினர்கள் அந்தப் படங்களைப் பார்த்து, "இவர்களைக் காணவில்லையா, தேடுகிறார்களா?" என்று வரவேற்பறையில் கேட்டார்கள். "ஆமா, தேடறோம். கிடைக்கத்தான் மாட்டேங்கறாங்க" என்று க்ரூம் ஜோக்கடிப்பான். பிறகு வெலிகாவைக் கூப்பிட்டு, கட்டடத்துச் சுவரில் உள்ளதை மட்டும் எடுத்துவிடச் சொல்வான். பிழைப்பு. அவள் சுரண்டியிருக்கிறாள். தன்னோடு ஆலையில் நூல் நூற்றவளின் முகத்தைக்கூடச் சுரண்டியிருக்கிறாள். சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு.

புத்தாண்டுக்குப் பிந்தைய அந்தச் சனிக்கிழமை விருந்தினர் மாறுகிற நாள். இரண்டு நாளாக வெலிகாவுக்குச் சன்னல் பக்கம் போகவே நேரமில்லை. காலையில் பனிப்பலகையால் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டு பக்கச்சுவர்வரை வந்தவள் நிமிர்ந்தபோது, எதிரே சுவரில் ரூசா இருந்தாள். எங்கோ கல்யாணத்தில் எடுத்த பழைய படம். வாய் ஏதோ சொல்லவந்து நிறுத்தியதுபோல் இருந்தது.

வெலிகா பனிப்பலகையைக் கீழே போடவும் மறந்து நின்றாள். க்ரூம் பின்னால் வந்து தொப்பியைக் கழற்றினான்.

"வியாழக்கிழமையே போயிட்டாளாம். நெவேனா, அவ தங்கச்சி மக, சோபியாவுலேர்ந்து வந்து கதவைத் திறந்திருக்கா" என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டு மெல்லச் சொன்னான்: "அக்கா, பஸ் வருது. எடுத்துடணும்."

"இதையுமா?"

"நான் அவ கையால தின்னு வளந்தவன்தான். எனக்கு மட்டும் என்ன, சந்தோஷமா? ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். பஸ் போனதும் வேணும்னா மறுபடி ஒட்டிக்க."

பசை உறைந்து கல்லாகியிருந்தது. மற்ற தாள்களைத் தகட்டால் சுரண்டியவள், இதற்கு வாளியில் வெந்நீர் கொண்டுவந்தாள். துணியை நனைத்து நனைத்து ஒற்றினாள். தாள் கிழியாமல் முழுசாகக் கையோடு வந்தது. அதை மடிக்காமல் ஏப்ரனுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறினாள். விரிப்புகள் அப்படியே கிடந்தன.

கோதுமையை வேகவைத்தாள். சர்க்கரையும் அக்ரூட்டும் கலந்து நீலப் பாத்திரத்தில் நிரப்பினாள். செத்தவருக்குக் கொண்டுபோகும் கோதுமை இது. எல்லோரும்தான் கொண்டுபோவார்கள், இதனால் எந்தக் கணக்கும் தீராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பாத்திரமாவது வீடு போய்ச் சேரட்டும்.

தெரு வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் அவள் போனது அதுதான் முதல் தடவை. திறந்தே கிடந்தது. மெழுகுவர்த்தி ஏற்றினாள். ரூசாவின் நெற்றியில் முத்தமிட்டாள். அடுக்களையில் நெவேனா கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, வந்தவர்களின் பாத்திரங்களை வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். வெலிகாவின் கோதுமையைப் பெரிய தாம்பாளத்தில் கவிழ்த்தாள். நீலப் பாத்திரத்தைக் குழாயில் அலசி, ஈரத்தோடு நீட்டினாள்.

"இந்தாங்க அத்தை, உங்க பாத்திரம். கடவுள் பெரியம்மாவை மன்னிக்கட்டும்."

இது உங்க பெரியம்மா பாத்திரம்மா என்று சொல்ல வேண்டும். சொன்னால், உங்ககிட்ட எப்படி வந்துச்சு என்பாள். எப்ப வந்துச்சு என்பாள். சுற்றிலும் ஊர்ப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"கடவுள் மன்னிக்கட்டும்" என்று சாவு வீட்டில் எல்லோரும் சொல்வதையே திருப்பிச் சொல்லிவிட்டு வெலிகா வாங்கிக்கொண்டாள். காலிப் பாத்திரத்தோடு தெரு வழியாக நடந்து வந்தாள்.

அடக்கம் முடிந்து நெவேனா வாசலைச் சாத்திக்கொண்டு சோபியாவுக்குப் போனாள். மறுநாள் மறுபடியும் பனி கொட்டியது. காலையில் வெலிகா சன்னலில் நின்றாள். கீழே முற்றம் வெள்ளையாக, ஒரு கோடும் இல்லாமல் கிடந்தது. அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கட்டடத்துப் பனிப்பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு வழியாக ரூசாவின் முற்றத்துக்குப் போனாள். விறகுக் கொட்டகைக்கு ஒரு பாதை வெட்டினாள். பிறகு சுவரை நோக்கி வெட்டினாள். மேலிருந்து தெரியாத அந்த முனைக்கு வந்து சேர்ந்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது.

கற்சுவரில் கதவு அப்படியே இருந்தது. கீல்களில் எண்ணெய் இட்டிருந்தது. வாசற்படிக் கல்லில் முக்காலி வைத்துத் தேய்ந்த தடம். தாழ்ப்பாளைப் பார்த்தாள். போடவில்லை. துருவோடு, அந்தக் காலத்தில் எப்படிக் கிடந்ததோ அப்படியே பின்னுக்குத் தள்ளிக் கிடந்தது.

இழுத்தாள். சத்தமே இல்லாமல் திறந்தது. எதிரே கான்கிரீட். அதன் மறுபுறம் யாரோ காரைக் கிளப்பும் ஓசை.

முகத்தை அந்தச் சுவரில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். குத்திக்காட்டவா வெட்டினாள் அந்தப் பாதையை? ரொட்டிக் கடை வாசலில் நின்று சொன்னது இதைத்தானா? பதில் சொல்ல வேண்டியவள் பைன் மரத் தோப்புக் கல்லறையில் இருந்தாள். பாத்திரத்தைக் கொண்டுவந்து இந்தப் படியிலேயே வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் உள்ளே என்ன போட்டு வைப்பது? கடைத் தயிரையா? வெலிகா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை.

நாற்பதாம் நாளுக்குப் புதுத் தாள் ஒட்டினார்கள். க்ரூம் சொல்லும் முன்பே அவள் வெந்நீரோடு போய் அதை முழுசாக எடுத்துவந்தாள். முதல் தாளோடு சேர்த்துத் தன் ஃபிளாட்டின் உள்கதவில் ஒட்டினாள். வசந்தத்தில் நெவேனா வீட்டை விற்கப்போவதாகவும், க்ரூம் அங்கே இன்னொரு பெட்டி கட்டப்போவதாகவும் ஊரில் பேச்சு. ஸ்பாஸ் தன்னோடு வந்துவிடும்படி போனில் சொல்லிக்கொண்டிருக்கிறான். போனாலும் போவாள்.

நீலப் பாத்திரம் ஐந்தாம் மாடியில், வடக்குச் சன்னலில் இருக்கிறது. வெலிகா அதில் எதையும் சமைப்பதில்லை, எதையும் போட்டு வைப்பதில்லை. வாரம் ஒருமுறை கழுவித் துடைத்து, மூடியைப் போட்டு, திரும்ப அங்கேயே வைக்கிறாள். இரவல் வாங்கிய பாத்திரம், உள்ளே ஒன்றும் இல்லை.